நாய்களோடு நாடு பெயர்தல்: அறம் யாது?

குடி பெயர்தல் மனித குலத்திற்குப் புதிதன்று. பஞ்சம் துரத்தப் பெயர்ந்தோர் உண்டு. போர் துரத்தப் பெயர்ந்தோர் உண்டு. கூலி தேடிக் கப்பலேறியோர் உண்டு. பசியும் பகையும் துரத்தாமலே, அமைதியான வாழ்வை விரும்பி நாடு பெயர்வோரும் இக்காலத்தில் பெருகியுள்ளனர். இங்கிலாந்தின் நகரங்களில் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றோர் பலர், இருந்த வீட்டை விற்றுக் கடல் கடந்து, பிரான்சு தேசத்தின் டோர்டோன், பிரிட்டனி முதலிய பகுதிகளில் பழைய கல்வீடுகளை வாங்கிக் குடியேறியிருக்கின்றனர். அவர்களுள் பலர் தனியே செல்வதில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று தாம் வளர்த்த நாய்களையும் உடன் கொண்டு செல்கின்றனர்.

“இதில் அறம் பேச என்ன உண்டு? காசுள்ளவன் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான். காசில்லாதவன் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போகிறான். மனிதனுக்கே கூரையில்லாத உலகில் நாய்க்கு ஒரு வழக்கா?” என்று சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன் அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். தன் வாழ்வு முழுவதையும் மற்றொருவர் கையில் ஒப்புவித்துவிட்ட உயிர், ‘வருகிறேன்’ என்றோ ‘வரமாட்டேன்’ என்றோ வாய் திறந்து சொல்ல இயலாதது. அதன் பொருட்டு மற்றவரே முடிவு செய்கிறார். அம்முடிவை எந்த நெறியில் நின்று செய்வது? இதுவே நம் முன்னுள்ள கேள்வி. குழந்தையின் பொருட்டும், நினைவு தடுமாறிய முதியோர் பொருட்டும் நாள்தோறும் முடிவு செய்யும் நமக்கு இக்கேள்வி அயலானதன்று.

ஆராய்ச்சிக்கென ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக் கொள்வோம். கணவனும் மனைவியும் அறுபத்தைந்து வயதினர். அவர்களிடம் ஐந்து நாய்கள். இரண்டு இளையவை, இரண்டு நடுவயதின. ஐந்தாவது பதினான்கு வயதுக் கிழநாய். கண் மங்கியது, பின்னங்கால் தளர்ந்தது. தம்பதியர் நாட்டுப்புற வீட்டைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டனர். இவர்கள் செய்யத்தக்கது யாது? ஐந்தையும் கொண்டு செல்வதா? கிழநாயை மட்டும் எவரிடமேனும் விட்டுச் செல்வதா? அன்றிப் பயணத்தையே நிறுத்திவிடுவதா?

கடன் எங்ஙனம் பிறந்தது?

நாய் ஓர் உடைமை, உடையவன் விருப்பமே நீதி என்பது முதற் கட்சி. மேசையை விற்பதும் நாயைக் கொடுத்துவிடுவதும் இக்கட்சியார்க்கு ஒன்றே.

இரண்டாவது கட்சி ஜெர்மன் தேசத்துத் தத்துவ ஞானி காண்ட் கூறியது. உழைத்து முதிர்ந்த நாயை, இனிப் பயனில்லை என்று சுட்டுக் கொல்பவன் அந்த நாய்க்குச் செய்யவேண்டிய கடமையில் தவறியவன் ஆகான்; ஆயினும் தன்னுள்ளே இருக்கும் மனிதத் தன்மையை ஊறுபடுத்திக் கொள்கிறான்; விலங்கினிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பது அவர் கருத்தின் சாரம். இதில் உண்மை உண்டு. ஆயின் இக்கட்சியில் நாய் ஒரு பயிற்சிக் களமாகவே நிற்கிறது. அடிபட்ட நாய்க்கு வலித்ததே, அவ்வலி யார் கணக்கில் எழுதப்படும் என்று கேட்டால் இக்கட்சியில் விடையில்லை.

மூன்றாவது கட்சி, 1789-இல் வெளிவந்த தம் நூலில் ஆங்கில அறிஞர் பெந்தாம் எழுப்பியது. விலங்கு பகுத்தறியுமா, பேசுமா என்பவற்றை விடுத்து, அது துன்புறுமா என்பதையே கேட்க வேண்டுமென்றார் அவர். துன்பத்தை முதலில் வைத்து அறத்தை எண்ணும் நமக்கு இவ்வழி இயல்பாகவே விளங்கும். உலகச் சட்டங்களும் மெல்ல மெல்ல இவ்வழியே வந்துகொண்டிருக்கின்றன. நாம் கற்பித்த தம்பதியர் குடியேற விரும்பும் அதே பிரான்சு தேசம், விலங்குகள் உணர்வுள்ள உயிர்கள் என்று 2015-ஆம் ஆண்டில் தன் உரிமையியல் சட்டத்தில் எழுதிக்கொண்டது. உடைமைக்குரிய விதிகள் பல இன்னும் அவற்றிற்குப் பொருந்துகின்றன என்பதும் உண்மையே. எனினும் நாற்காலியை உணர்வுள்ளது என்று எந்தச் சட்டமும் எழுதவில்லை அன்றோ?

துன்பம் மட்டுமே கடனுக்குக் காரணமென்றால், காட்டு ஓநாய்க்கும் வீட்டு நாய்க்கும் நாம் படும் கடன் ஒன்றாகிவிடும். அது பொருந்தாது. ஓநாய் தன் இரையைத் தானே தேடும். வீட்டு நாயோ நாம் வைத்த தட்டையன்றி வேறு தட்டை அறியாது. அதனை அந்நிலையில் வைத்தவர் நாமே. ஜெர்மனியில் பான் நகரத்தருகே ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914-ஆம் ஆண்டில் ஒரு பழங் குழி கண்டறியப்பட்டது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரு நாயும் ஒருங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். காலம் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அந்நாயின் பற்களை ஆராய்ந்தோர், அது குட்டிப் பருவத்திலேயே கடுநோய் கண்டு, மனிதர் பேணியதாலேயே சில வாரங்கள் உயிர் தரித்திருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். வேட்டைக்கு உதவாத நோயுற்ற குட்டிக்கு யாரோ நீரூட்டியிருக்கிறார். உழவும் ஊரும் நாடும் எல்லையும் தோன்றுவதற்கு முன்னரே இந்த உறவு தோன்றிவிட்டது. ஆதலின் எல்லையைக் கடந்தவுடன் கடன் தீர்ந்தது என்று சொல்ல வழியில்லை.

பாரதக் கதையில் தருமன் தன்னோடு வந்த நாயை விட்டுத் தேரேற மறுத்தான் என்பதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். பற்றி வந்ததைக் கைவிடேன் என்ற அவன் உறுதி நல்லதே. ஆயின் கதை முடிவில் அந்த நாய் அறக் கடவுளாக உருமாறிவிடுகிறது. தேவனைக் கைவிடாதவனுக்குச் சொர்க்கம் கிடைத்ததில் வியப்பென்ன? நம் கேள்வி கடினமானது. கடைசிவரை நாயாகவே இருக்கும் நாய், சொறியும் மூத்திர நாற்றமும் உள்ள நாய், எவ்வரமும் தரமாட்டாத நாய். அதற்கு நாம் படும் கடன் யாது? வரமில்லாத இடத்தில்தான் அறம் தன் சொந்தக் காலில் நிற்கிறது.

சட்டமும் அதன் பின்னுள்ள காரணமும்

உடன் கொண்டு செல்வது என்று முடிவு செய்தவர் முதலில் சந்திப்பது விதிகளை. நாயின் தோலுக்கடியில் அரிசி மணியளவுள்ள மைக்ரோசிப் பதிக்கப்பட வேண்டும். அதன் பின்னரே வெறிநோய்த் தடுப்பூசி செல்லும். குட்டிக்குப் பன்னிரண்டு வாரமேனும் நிறைந்திருக்க வேண்டும்; முதல் ஊசிக்குப் பின் 21 நாள் பொறுத்திருக்க வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று பிரிந்த பின், 2021 ஜனவரி முதல் நாள் தொட்டு, அங்கு வழங்கப்பட்டிருந்த நாய்க் கடவுச்சீட்டுகள் ஒன்றிய நாடுகளில் செல்லாதவை ஆயின. புறப்படுமுன் கால்நடை மருத்துவரிடம் தனியே நலச் சான்று பெறவேண்டிய நிலை வந்தது. நம் தேசத்திலிருந்து ஐரோப்பாவுக்கு நாயைக் கொண்டு செல்வோர்க்கோ இன்னும் ஒரு படி உண்டு. ஊசி போட்டு 30 நாளேனும் கழித்து இரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி போதிய அளவு உள்ளதென ஆய்வகத்தில் மெய்ப்பித்து, அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

இவற்றை வெற்றுக் காகிதத் தொல்லை என்று நினைப்பவர் வெறிநோயை அறியாதவர். அறிகுறி தோன்றிய பின் அந்நோயினின்று பிழைப்பவர் அனேகமாக இல்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மனிதர் இதனால் மடிகின்றனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் நம் இந்திய மக்கள். கடிபட்டு மடிவோரில் பெரும் பகுதியினர் ஏழைகளும், தெருவில் விளையாடும் சிறு பிள்ளைகளும் ஆவர். 1885-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்தில் பாஸ்டர் என்னும் அறிஞர், நாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் ஊசியிட்டுக் காத்தார். அதே பிரான்சு தேசம் நரிகளுக்கும் இரையில் மருந்து வைத்துப் பல்லாண்டு உழைத்து, 2001-இல் தன் நிலத்தில் அந்நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. அப்படிப்பட்ட நிலத்தின் வாயிலில் நின்று “என் நாய்க்கு ஒன்றுமில்லை, விடுங்கள்” என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அன்பு மிகுந்தால் விதியை மீறலாம் என்பாரும் உண்டு. அவர்க்கு ஒரு சரித்திரம் சொல்வோம். வெறிநோயை ஒழித்திருந்த பிரிட்டனில் 1918-இல் அது மீண்டும் தலைகாட்டியது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பியோர் பிரிய மனமின்றி மறைத்துக் கொணர்ந்த நாய்களால் அது புகுந்தது என்று கருதப்படுகிறது. அதனை ஒழிக்க 1922 வரை ஆயிற்று. அந்த வீரர்கள் கொடியவர் அல்லர். போர்க்களத்தில் தமக்குத் துணையாயிருந்ததை விட்டுவர மாட்டாதவர். ஆயினும் தன் நாயின் மீது மட்டும் கண்ணாயிருந்த அன்பு, ஊரார் நாய்களுக்கும் ஊரார் பிள்ளைகளுக்கும் ஊறாயிற்று. இத்தகைய அச்சத்தாலேயே அந்நாடு, வெளியிலிருந்து வரும் நாயை ஆறு மாதம் தனிக்கூண்டில் அடைத்து வைக்கும் வழக்கத்தை 2000-ஆம் ஆண்டு வரை விடவில்லை. இன்று ஓர் ஊசியும் சில வாரப் பொறுமையும் அந்த ஆறு மாதச் சிறையை நீக்கியிருக்கின்றன. இதனைத் தொல்லை என்பதா, விடுதலை என்பதா?

ஒருவரோடு ஐந்து நாய்களுக்கு மேல் செல்லுமாயின், சில விலக்குகள் நீங்கலாக, அவை வாணிபத்திற்குரிய விதிகளில் அடங்கும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடு. குட்டிகளை வண்டியில் அள்ளிச் சென்று விற்போரைத் தடுக்கவே இவ்வெல்லை இடப்பட்டது. ஆறாவது நாயை உடையவர் கூடுதல் செலவையும் காலத்தையும் ஏற்றுக் கடினமான வழியில் செல்லட்டும். ஐந்தென்று பொய் எழுதி ஆறை மறைத்தல் தகாது. பொய்ச் சான்றின் மேல் கட்டிய அன்பு, முதற் சோதனையிலேயே அந்த நாயின் மேல் இடிந்து விழும்.

கிழநாயின் வழக்கு

இனி அந்தப் பதினான்கு வயது நாயிடம் வருவோம். “அதற்குப் பயணம் தாங்காது; அதன் நன்மைக்காகவே ஊசி போட்டு உறங்க வைத்துவிடுவோம்” என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இச்சொல்லில் நாயின் நன்மை எவ்வளவு, நம் வசதி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, குண்டு ஒன்றும் விழுமுன்னரே, லண்டன் மாநகரத்தார் தம் நாய்களையும் பூனைகளையும் மருத்துவர் வாயிலில் வரிசை வரிசையாகக் கொண்டு நின்றனர். முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 4,00,000 உயிர்கள் கொல்லப்பட்டன என்று அதனை ஆராய்ந்த ஹில்டா கீன் என்னும் சரித்திர ஆசிரியை எழுதியுள்ளார். அரசாங்கம் கொல்லச் சொல்லிக் கட்டளையிடவில்லை. வரப்போகும் துன்பத்தைக் கற்பனை செய்து, அக்கற்பனையினின்று தம்மை விடுவித்துக் கொள்ள மக்கள் கொன்றனர். குண்டு விழுந்த காலத்திலோ, கொல்லாமல் வைத்திருந்தோர் வீடுகளில் எத்தனையோ உயிர்கள் பிழைத்திருந்தன.

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-இல் செர்னோபில் அணு உலை விபத்தால் பிரிப்யத் நகரம் காலி செய்யப்பட்டபோது நிலைமை வேறு. சில நாட்களில் திரும்பலாம் என்று சொல்லி மக்களைப் பேருந்துகளில் ஏற்றினர். வீட்டு விலங்குகளை உடன்வர விடவில்லை. பின்னர்ப் படையினர் சென்று நாய்களைச் சுட்டனர். தப்பியவற்றின் வழிவந்தவை இன்றும் அங்கே திரிகின்றன. அந்த மக்களைக் கைவிட்டவர் என்று எவரும் பழிக்க முடியாது. அவர்கள் கை கட்டப்பட்டிருந்தது.

நம் கண்முன் நடந்ததும் உண்டு. ஆலையொன்று மூடப்பட்டு, வரிசை வீடுகளைக் காலி செய்துகொண்டு தொழிலாளர் ஊர் திரும்பிய நாட்களை நாம் அறிவோம். இரயிலில் நாயைப் பிரேக் வண்டியில் ஏற்றக் கட்டணம் வேண்டும். பிள்ளைகளுக்குச் சீட்டு வாங்கவே காசில்லாதவர் அவர்கள். பூட்டிய வாயிற்படிகளில் நாய்கள் நாட்கணக்கில் கிடந்தன. எஞ்சியிருந்த ஒரு மூதாட்டி தம் கஞ்சியில் நீரைக் கூட்டி நான்கு வீட்டு நாய்களுக்கு ஊற்றி வந்தார். இயலாதவன் விட்டுச் சென்றதும், இயன்றவன் விட்டுச் செல்வதும் ஒரே பெயரால் அழைக்கத்தக்கவை அல்ல. கடன் கையின் வலிமையை அளவாகக் கொண்டது. கற்பித்த தம்பதியரோ இயன்றவர், வீடு விற்ற பணம் கையில் உள்ளவர், துரத்துவார் எவருமில்லாதவர்.

ஆதலின் அவர்க்கு நாம் சொல்வது இது. முதலில் மருத்துவரைக் கேட்கட்டும். வண்டியோடு ஏறிக் கடலடிச் சுரங்கத்தைக் கடக்கும் இரயிலில் பயணம் 35 நிமிடமே. நாய் தன் எசமானர் அருகிலேயே படுத்து வரலாம். விமானத்தின் சரக்கறையில் தனிக்கூண்டில் செல்வது வேறு. மூக்குச் சப்பையான இனங்களுக்கு அங்கு மூச்சுத் திணறும் அபாயம் மிகுதி என்று விமான நிறுவனங்கள் பல அவற்றை ஏற்பதே இல்லை. கிழநாய் தாங்கும் என்றால் கொண்டு செல்லட்டும். எசமானர் குரலும், உடன் வளர்ந்த நாய்களின் நாற்றமும், தன் பழைய விரிப்பும் இருக்குமிடமே பெரும்பாலும் நாய்க்கு வீடு. தாங்காது என்றால் பயணத்தை ஒத்திவைக்கட்டும். அந்தக் கல்வீடு நூறு இருநூறு ஆண்டுகளாக நின்றிருக்கிறது. இன்னும் ஓராண்டு, ஈராண்டு நிற்கும். நாய்க்கோ எஞ்சியிருப்பதே அவ்வளவுதான். தீரா வலியால் துடிக்கும் உயிரை மருத்துவர் துணையோடு விடுவிப்பது பற்றிய வழக்கு தனியானது; அதன் நாளை நோய் குறிக்க வேண்டும், வீட்டுப் பத்திரம் பதிவாகும் நாள் குறித்தல் ஆகாது.

இளைய நாய்களுள் ஒன்றை, அதனிடம் ஏற்கெனவே பழகி அன்பு கொண்ட ஒருவரிடம் ஒப்புவித்துச் செல்வதைக் கைவிடல் என்று நாம் கூறோம். அதன் நோயையும் குணத்தையும் மறைக்காமல் சொல்லி, அதன் உணவுக்கு வழி செய்து, பின்னும் விசாரித்துக் கொண்டிருப்பவன் கடனைக் கைமாற்றினான், துறக்கவில்லை. சாலையில் இறக்கிவிட்டுச் செல்பவனை மட்டும் மன்னிக்க இயலாது. பிரான்சு தேசச் சட்டம் அதனைக் கொடுங் குற்றங்களோடு சேர்த்து, மூன்றாண்டுச் சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை விதிக்க இடம் தந்திருக்கிறது. அங்கே 2022 அக்டோபர் முதல், நாய் வளர்க்க முதன்முறை விரும்புவோர் தம் பொறுப்புகளை அறிந்ததாக ஒப்பமிட்டு, ஏழு நாள் ஆழ எண்ணிய பின்னரே அதனைப் பெறலாம் என்ற ஏற்பாடும் வந்துள்ளது. ஏழு நாள் எண்ணாததால் ஏழாண்டு துன்புறும் நாய்களைக் கண்டே அவ்விதி எழுந்தது.

நாட்டுப்புறம் யாருடையது?

“நகரத்தில் கயிற்றில் கிடந்தன, இனி வெட்டவெளியில் ஓடி விளையாடட்டும்” என்பது இவ்வாறு பெயர்வோரின் ஆசை. ஆசை இனியதே. ஆயினும் வெட்டவெளி என்று அவர் நினைப்பது மற்றொருவரின் வயல்; மற்றொருவரின் ஆட்டுக் கிடை. நாய் துரத்திய சினையாடு கடிபடாமலே அச்சத்தால் கருவை இழக்கும். பிரான்சின் மலைப்பகுதிகளில், 1992-இல் ஓநாய் இத்தாலியிலிருந்து திரும்பி வந்தது முதல், ஆட்டு மந்தைகளைக் காக்கப் ‘பட்டூ’ எனப்படும் பெரிய வெள்ளை நாய்கள் மிகுதியாக வைக்கப்படுகின்றன. விளையாட வந்த நாயையும் ஓநாயையும் அவை பிரித்தறிந்து கொண்டிருக்க மாட்டா. செப்டம்பர் முதல் பிப்ரவரி முடிய வேட்டைக் காலம். புதருள் அசைவதெல்லாம் துப்பாக்கிக்கு இலக்காகும் ஆபத்துண்டு. எசமானின் குரல் எட்டாத் தொலைவிலோ, நூறு மீட்டருக்கு அப்பாலோ மேற்பார்வையின்றிச் செல்லும் நாய், கட்டின்றித் திரியும் நாயாகவே அந்நாட்டுச் சட்டத்தில் எண்ணப்படும்.

இயற்கையும் புதியவர்க்குத் தாயன்று. தெற்குப் பகுதிகளில் கோடை அந்தியில் பறக்கும் மணல் ஈ கடித்தால் லெய்ஷ்மேனியா என்னும் நோய் வரும். அதனை அடக்கலாம், வேரோடு தீர்ப்பது அரிது. குளிர்காலக் கடைசியில் பைன் மரங்களிலிருந்து வரிசை வரிசையாக இறங்கி ஊரும் கம்பளிப்பூச்சியை முகர்ந்த நாயின் நாக்கு வீங்கி அழுகிவிடும். மருத்துவரோ பல கல் தொலைவில். அவரிடம் நோயை விளக்க அந்நாட்டு மொழி வேண்டும். நாய்க்காகப் பேச வேண்டியவன் தானே ஊமையாய் நின்றால், இரண்டு வாயில்லா உயிர்களாயிற்று.

ஆகவே நாய்களின் விடுதலைக்காகப் பெயர்கிறோம் என்பவர், வேலி கட்டவும், மொழி கற்கவும், அண்டை வீட்டு இடையரிடம் சென்று வணங்கி அவர் ஆடுகள் மேயும் இடத்தைக் கேட்டறியவும் ஒருப்பட்டாரா என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அண்டையார்க்கு அச்சமாகும் விடுதலை அதிக நாள் நிலைக்காது. இன்னொன்றும் உண்டு. அறுபத்தைந்து வயதில் இரண்டு வயது நாயோடு பெயர்பவர், தமக்குப் பின் அதற்கு யார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். உற்றார் அற்ற அயல்நாட்டுக் கிராமத்தில் எசமானர் திடீரென மறைந்தால், ஐந்து நாய்களும் ஒரே நாளில் அனாதைகளாகும்.

அன்பர்களே! நம் பிள்ளைகளுள்ளும் வேலை தேடி வெளிநாடு செல்வோர் உளர். ஊர்விட்டு ஊர் மாறுவோர் பலர். அவர்க்கும் பயன்படுமாறு இவ்வாராய்ச்சியின் முடிவை மூன்று கேள்விகளாகச் சுருக்குவோம். இந்தப் பெயர்வு யாருடைய நன்மைக்கு? நம்முடையதற்கு என்றால் அதனை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, செலவையும் சிரமத்தையும் நாமே தாங்குவோம். நம்மை நம்பிய உயிரின் மேல் இறக்கோம். நம் அன்பு அயலார்க்கு ஊறாகிறதா? ஆகுமென்றால் விதியையும் வேலியையும் விருப்போடு ஏற்போம். நாம் இல்லாத நாளில் இதற்கு யார்? விடை கிடைக்காத வரை இன்னுமொரு குட்டியை வீட்டுக்குள் கொணராதிருப்போம்.

இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்லக் கூடியவர் ஐந்து நாய்களோடு எந்தத் தேசத்திற்கும் செல்லலாம். சொல்ல இயலாதவர் ஒரு நாயோடு அடுத்த தெருவுக்குக் குடிபோவதாயினும், சாமான் கட்டுவதற்கு முன் ஒரு நாள் அமர்ந்து எண்ணட்டும். பெயர்வதா, இருப்பதா என்று எண்ணும் வல்லமை நமக்கு வாய்த்திருக்கிறது, நாய்க்கு வாய்க்கவில்லை. ஆதலின் அதற்கும் சேர்த்து எண்ணும் பொறுப்பு நம்முடையதே.